வேறு வருமானம் இருக்கிறதா?

ஒரு வேலைக்கு மனு போடுகிறீர்கள். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துப் பட்டியல் போடுகிறார்கள். உங்கள் பெயர் வந்துவிடுகிறது. சந்தோஷமாகப் போனால், ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். ‘எனக்கும் என் குடும்பத்துக்கும் பிழைப்புக்குப் போதுமான வேறு வருமானம் இருக்கிறது’ என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதாவது இங்கே தரும் பணத்தில் குடும்பம் நடத்த முடியாது என்பது வேலை கொடுக்கிறவருக்கே தெரியும். தெரிந்துதான் எழுதி வாங்குகிறார்.

எழுதி வாங்குவது ஏதோ ஜவுளிக்கடை முதலாளி இல்லை. இந்திய அரசின் அஞ்சல் துறை.

ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். கிளை அஞ்சலகம் என்று ஒரு சின்ன அறை இருக்கும். பல ஊர்களில் அது போஸ்ட் மாஸ்டர் வீட்டுத் திண்ணையை ஒட்டியே இருக்கும். ஏனென்றால் இடம் ஏற்பாடு செய்ய வேண்டியதும் அவர் பொறுப்புதான். தபால், மணியார்டர், ஆர்.டி., செல்வமகள் சேமிப்பு, கிராமிய ஆயுள் காப்பீடு, 2018-லிருந்து போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் என்று எல்லாம் அந்த அறைக்குள்தான். நாடு முழுக்க இப்படி சுமார் இரண்டரை லட்சம் பேர். முன்பு ‘எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்’, சுருக்கமாக ஈ.டி. என்பார்கள். (இப்போது ஈ.டி. என்றால் வேறு ஆட்கள். அவர்கள் வந்தால் மந்திரிகளே நடுங்குகிறார்கள்.) 2001-ல் பெயரை ‘கிராமின் டாக் சேவக்’ என்று மாற்றினார்கள். நம் பத்திரிகைகள் ‘கிராமிய அஞ்சல் ஊழியர்’ என்று எழுதுகின்றன. அது தப்பு என்கிறது அரசாங்கம். அவர் ஊழியர் இல்லையாம், சேவகராம்.

இந்தப் பெயர் விளையாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 1964-ல் வந்த விதிகளின் பெயரில் ‘சர்வீஸ்’ என்ற சொல் இருந்தது. 2001 விதிகளில் அது ‘எம்ப்ளாய்மென்ட்’ ஆயிற்று. 2011-ல் அதுவும் போய் ‘என்கேஜ்மென்ட்’ வந்தது. 2020-ல் திரும்ப எழுதிய விதிகளிலும் அதேதான். பணி, வேலையாகி, வேலை கடைசியில் வெறும் அமர்த்தலாகிவிட்டது. மாதம் கொடுப்பது சம்பளம் இல்லை, நேரத்தைக் கணக்கிட்டுத் தரும் ஒரு ‘அலவன்ஸ்’. தற்காலிக நீக்கம் செய்தால் அது சஸ்பென்ஷன் இல்லை, ‘புட் ஆஃப் ட்யூட்டி’. அறுபத்தைந்து வயதில் வீட்டுக்கு அனுப்பினால் ரிடையர்மென்ட் இல்லை, ‘டிஸ்சார்ஜ்’. எனவே பென்ஷனும் இல்லை.

இதற்கெல்லாம் ஒரு காரணம் உண்டு. இவர்கள் வகிப்பது சிவில் பதவிதான், விசாரிக்காமல் தூக்கியெறிய முடியாது என்று 1977-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நியாயமான அரசாங்கம் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருக்கும். நம் அரசாங்கமோ சொல் அகராதியைத் திருத்தியது. ‘இவர்கள் மத்திய அரசின் சிவில் பணிக்கு வெளியே இருப்பவர்கள், அரசு ஊழியர்களுக்குச் சமம் என்று உரிமை கோர முடியாது’ என்று விதியிலேயே எழுதி வைத்தது.

சரி, ஊழியர் இல்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? அதுவும் இல்லை. அரசியல் கட்சியில் சேரக் கூடாது, தேர்தலில் நிற்கக் கூடாது. அந்தந்த ஊர் எல்லையிலேயே குடியிருக்க வேண்டும். கட்டுப்பாடு என்று வரும்போது கவர்ன்மென்ட் ஆள், காசு என்று வரும்போது ஊர்க்காரர்.

வேறு வருமானம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் காலத்தில் கிராமத்துத் தபாலைப் பள்ளிக்கூட வாத்தியாரிடமோ மளிகைக்கடைக்காரரிடமோ நிலம் வைத்திருப்பவரிடமோ ஒப்படைத்தார்கள். தஞ்சாவூர் மிராசுதாருக்குத் தபால் பை ஒரு கௌரவம். களத்தில் நெல் குவிந்திருக்கும்போது அவருக்கு அலவன்ஸ் எதற்கு? இன்றைக்கு அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பையனோ பெண்ணோ. மிராசுதார் போய்விட்டார், அவருக்காக எழுதிய விதி மட்டும் போகவில்லை.

டெல்டாவில் வேறு வருமானம் என்றால் என்ன? வயல்தான். வயலுக்கு மேட்டூர் திறக்க வேண்டும். 2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை இல்லாத அந்த வருஷங்களிலும் உறுதிமொழி அப்படியேதான் இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளையே சாய்த்துவிட்டுப் போனது. அப்போது யாராவது ஒரு அதிகாரி வந்து, ‘உங்கள் வேறு வருமானம் சாய்ந்துவிட்டதே, இனி என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டிருப்பாரா?

‘நாலு மணி நேர வேலைக்கு முழுச் சம்பளம், பென்ஷனா?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முழுசாகக் கொடுக்க வேண்டாம், வேலை செய்த விகிதத்துக்குக் கொடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு பென்ஷன் என்றால் நாலு மணி நேரத்துக்கு அதில் பாதி. இந்தக் கணக்குப் போட பி.காம். படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைய கணக்கில் நாலு மணி நேரத்துக்கு விடை பூஜ்யம். இந்தச் சேவகர் பரீட்சை எழுதித் தபால்காரராக நிரந்தரமானாலும், முந்தைய வருஷங்கள் பென்ஷன் கணக்கில் சேராது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நீதிபதிகள் விதியில் இருப்பதைத்தான் படிக்க முடியும். விதியை எழுதியவர்களைத்தான் நாம் கேட்க வேண்டும்.

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கமலேஷ் சந்திரா கமிட்டி 2016 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. ஒன்றரை வருஷம் அது தூங்கியது. 2018 மே 22-ல் வேலைநிறுத்தம் ஆரம்பித்துக் கிராமங்களில் தபால் நின்ற பிறகுதான், ஜூன் 6-ல் மத்திய அமைச்சரவை கண் திறந்தது. கிளை போஸ்ட் மாஸ்டருக்கு ஆரம்பத் தொகை நாலு மணி நேரத்துக்கு 12,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 14,500. அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கு 10,000, 12,000. பஞ்சப்படி தனி. கிராஜுவிட்டி உச்சவரம்பு 60,000-லிருந்து ஒன்றரை லட்சம் ஆனது. நல்லதுதான். ஆனால் ‘வேறு வருமானம்’ என்ற வரியை அடிக்க ஒரு பேனா போதும். அதற்கு மட்டும் மனசு வரவில்லை.

1898-ன் தபால் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 2023-ல் புதுச் சட்டம் செய்தார்கள். 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கிறது. நம் கடிதத்தை வழியில் மறித்துப் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் அதில் இருக்கிறது. அந்தக் கடிதத்தை வரப்பு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுக்கிறவரின் பென்ஷனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டாவுக்கே மூன்று எம்.பி.க்கள் இருக்கிறார்கள். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டோ, காது குத்துக்கோ உங்கள் ஊருக்கு வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள். ‘ஐயா, எம்.பி. ஆவதற்கு முன்னால், வேறு வருமானம் இருக்கிறது என்று உங்களிடம் யாராவது எழுதி வாங்கினார்களா?’