பூதம் வரும் பின்னே, பறையோசை வரும் முன்னே

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம் நாட்டுப் பழமொழி. படக்கொட்டகைக்குள் நுழைந்ததும் அப்பழமொழி சற்றே திரிந்துவிடுகிறது. காட்டிலே கொடிய பூதமோ விலங்கோ உலவும் கதை எதுவாயினும் பாருங்கள். கதைத்தலைவன் கானகத்துள் காலடி வைக்கிறான், கிளையொன்று அசைகிறது, உடனே எங்கிருந்தோ தோற்கருவிகள் அதிர்கின்றன, சொல்லும் பொருளும் அற்ற 'ஹூ, ஹா' என்னும் கூட்டுக்குரல் கிளம்புகிறது. பூதம் இன்னும் திரைக்கு வரவில்லை. நாம் நடுங்கி முடித்துவிட்டோம். நடுங்குவதற்கென்றே காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம், ஆகவே அதிலே குறையில்லை. ஆனால், தோழர்களே, அந்தப் பறை யாருடைய பறை?

சேலத்துப் பெண் என்ற உரிமையோடு எங்கள் ஊர்ப் படம் ஒன்றை முதலில் நினைவூட்டுகிறேன். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவளைவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அதன் அதிபர் டி. ஆர். சுந்தரம், லிப்பர்ட் என்னும் அமெரிக்க நிறுவனத்தோடு கைகோத்து, 1952-இல் 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தை வெளிக்கொணர்ந்தார். தமிழில் அதன் பெயர் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் காமெரான், மேரி வின்ட்சர், சீசர் ரொமேரோ ஆகிய அமெரிக்க நடிகர்களோடு நம் எம். என். நம்பியாரும் நடித்தார். கதையில் வரும் பூதம், உலகை விட்டே மறைந்துபோன மாமூத் என்னும் சடை யானை. நம் காட்டு யானைகள் மிரண்டு ஓடுவது அதற்கு அஞ்சித்தானாம்! அதற்காக மாமூத்தை எங்கே தேடுவது? நல்ல நாட்டு யானைக்கே சடைமயிரைப் போர்த்தி நடக்கவிட்டார்கள். அந்த யானை என்ன நினைத்துக்கொண்டதோ!

வேடத்தை விட்டுவிடுவோம். இசைப் பொறுப்பில் இருந்தவர்கள் ஜி. ராமநாதனும் தட்சிணாமூர்த்தியும் ஆவர். அமெரிக்கக் கொட்டகைகளில் ஓடிய ஒரு காட்டுப் பூதப் படத்திற்கு இரு தென்னாட்டு இசைவாணர்கள் பொறுப்பேற்றது சிறிய செய்தியா? காட்டின் அச்சத்தை அக்காட்டுக்கு அண்டை வீட்டார் இசையால் சொல்லக் கிடைத்த வாய்ப்பு அது. அவ்வழியே பின்னால் வந்தவர்கள் நடந்தார்களா? எனக்குத் தெரிந்தவரையில் நம் படவுலகம் திரும்பிப் பார்த்தது 1952-இன் சேலத்தையன்று, 1933-இன் ஹாலிவுட்டையே.

அந்த ஆண்டில்தான் 'கிங் காங்' வந்தது. மாக்ஸ் ஸ்டைனர் இசையமைத்தார். கப்பல் நியூயார்க்கை விட்டு நெடுந்தொலைவு வரும்வரை அப்படத்தில் பின்னணி இசையே கிடையாது. தீவை மூடிய பனிக்குள் கப்பல் நுழையும்போதுதான் இசை மெல்லத் தொடங்குகிறது. அடுத்து, பனிக்கு அப்பாலிருந்து முரசொலி. எவ்வளவு அருமையான அமைப்பு! திறமையை மறுப்பார் யார்? ஆனால் அந்தத் தீவு எங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள் தெரியுமா? சுமத்திராவுக்கு மேற்கே, நம் இந்துமாக்கடலிலே! குரங்கரசனுக்கு இறங்கு வரிசையில் மூன்று சுரங்கள். தீவின் மக்களுக்கோ முரசும் கூச்சலும். விலங்கின் வருகையை அறிவிக்கும் மணியாக மனிதரை ஆக்கிவிட்ட அந்த வழக்கம் இன்னும் தொலையவில்லை. இன்று கணிப்பொறியில் இசையமைப்போர் விலைக்கு வாங்கும் ஒலித்தொகுப்புகளில் 'டிரைபல்' என்று ஒரு பெட்டியே இருக்கிறது. எந்தக் குடி, எந்த மலை, என்ன சடங்கு என்று பெரும்பாலும் கேட்பாரில்லை. பொத்தானை அழுத்தினால் காடு அஞ்சும்.

சென்ற பருவத்தில் நம் மன்றத்தார் கூடி இத்தகைய படம் ஒன்றைப் பார்த்தோம். பறை அதிர்ந்ததும், "வந்துட்டாண்டா காட்டுவாசி!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுக்க, கூடமே சிரித்தது. என் பக்கத்தில் நீலகிரியிலிருந்து வந்த முதலாண்டு மாணவி அமர்ந்திருந்தாள். படம் முடிந்து படியிறங்கும்போது, "அக்கா, அந்த மாதிரி அடிதான் எங்க ஊர்ல சாமிக்கு அடிப்பாங்க. எங்க பெரியப்பாவே அடிப்பாரு" என்றாள். சினமில்லை, அழுகையில்லை, மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். அடுத்த படத்திற்கு அவள் வரவில்லை. இருக்கையொன்று காலியானதை எவரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பௌதிகம் படிப்பவள் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அச்சம் எங்கே பிறக்கிறது? டேனியல் புளூம்ஸ்டீன் என்பவர் மார்மட் என்னும் மலை விலங்கின் அலறலை ஆராய்ந்தவர். அவரும் அவர் குழுவினரும் நூற்றுக்கு மேற்பட்ட படங்களின் ஒலித்தடங்களை ஆய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குட்டி அலறும்போது குரல்வளை தன் எல்லை மீறிக் கரகரக்கிறதே, அத்தகைய சீர்குலைந்த ஒலி அச்சப் படங்களிலே மிகுந்திருக்கக் கண்டனர். மனிதர் அலறலில் ஒலியின் வலிமை நொடிக்கு 30 முதல் 150 முறைவரை துடிக்கிறதென்றும், அந்தக் கரடுமுரடே நம்மைத் திடுக்கிட வைக்கிறதென்றும் 2015-இல் வேறொரு குழுவினர் எழுதினர். ஆக, பிறவியிலேயே நம் செவி அஞ்சுவது அலறலுக்கு. பறைக்கு அஞ்சக் கற்றுக்கொண்டது கொட்டகையிலே. கற்றதை மறக்கவும் முடியும். இத்தனைக்கும் உண்மை யானை மேளம் கொட்டி வருவதில்லை. அது தன் இனத்தோடு பேசும் ஆழ்ந்த குரலில் பெரும்பகுதி 20 ஹெர்ட்சுக்கும் கீழே, நம் காதுக்கு எட்டாமலே போய்விடுகிறது. மரத்துக்குப் பின்னே அது நின்றாலும் நமக்குக் கேட்பது வெறும் அமைதிதான். அந்த அமைதியைத் துணிந்து பயன்படுத்தும் படங்கள் எத்தனை?

சங்கப் புலவர்க்கு உரை கண்டவர்கள் இவ்வகையில் நம்மைவிடக் கூர்மையானவர்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், மரம், விலங்கு என்று கருப்பொருள் வகுத்தபோது பறையையும் பண்ணையும் தனித்தனியே வைத்தார்கள். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி. உடனே நம் இலக்கிய மாணவர் ஒருவர் எழுந்து, "பாலைத் துடி ஆறலை கள்வரின் பறையாயிற்றே, அஞ்சத்தானே அடித்தார்கள்?" என்று கேட்பார். கேட்கட்டும். பறை அச்சமூட்டக் கூடாதென்று நான் சொல்லவில்லை. துடிக்கு அஞ்சியவன் துடியென்று அறிந்து அஞ்சினான். குன்றக்குரவையின் தொண்டகத்தைக் கேட்டு எவனும் ஓடவில்லை. இன்றோ ஆட்டமும் சாவும் சாமியும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டுவிட்டன. நீலகிரிக் கோத்தரின் கொள் என்னும் குழலும் கொம்பும் தெய்வ விழாவிலும் ஒலிக்கின்றன, இறுதிச் சடங்கிலும் ஒலிக்கின்றன. அங்கே எது எதற்குரியது என்பதைச் சிறுவனும் அறிவான்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 1954-இல் 'காட்ஸில்லா'வுக்கு இசை தந்த அகிரா இஃபுகுபே பல்கலைக்கழகத்தில் பயின்றது வனவியல்! ஐனு என்னும் பழங்குடியினரின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் அவர். பூதத்தின் உறுமல் வேண்டுமென்றபோது, தளர்த்திய பெருவயலின் நரம்பின்மேல் பிசின் தடவிய தோலுறையை இழுத்தே அதை உண்டாக்கினார்கள். நரம்பின் முனகல் பூதத்துக்குப் போதுமானதாக இருந்தது. நம் பக்கத்திலேயே பாருங்கள். 2022-இல் வந்த 'காந்தாரா' பூதப் படமன்று, தெய்வப் படம். அஜனீஷ் லோக்நாத்தின் இசையோடு கலந்து எழும் அந்த அலறல் என் எலும்பை உலுக்கியது. ஆனால் கதையில் அதைக் கேட்டவர்கள் கைகூப்பினார்கள். குரலுக்கு உரியவர் அங்கே திரைக்குள்ளேயே நின்றார். என் அறைத்தோழி துளுநாட்டுக்காரி. அப்படத்தை மும்முறை பார்த்தாள், மூன்றாம் முறை தன் பாட்டியோடு.

அதே 2022-இல் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் குலப் பாடகி நஞ்சியம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. உடனே முறையான சங்கீதப் பயிற்சி இல்லாதவருக்கு விருதா என்ற பேச்சு எழுந்ததே, நினைவிருக்கிறதா? பூதத்தை அழைத்துவரக் காட்டின் குரல் வேண்டும். அதற்கு எவரும் பயிற்சிச் சான்றிதழ் கேட்பதில்லை. மேடையில் ஏற்றும்போது மட்டும் இலக்கணம் கேட்கிறோம்.

இவ்வாண்டு முத்தமிழ் விழாக் குறும்படப் போட்டிக்குக் காட்டுப் பேய்க்கதைகள் இரண்டு அணியமாவதாகக் கேள்வி. அவற்றின் இசைக்கு 'டிரைபல்' பெட்டியைத் திறக்க வேண்டாமென்று அவ்விரு குழுவினரையும் கேட்டுக்கொள்கிறேன். பறை வேண்டுமென்றால் அடிப்பவரிடமே போய்க் கேட்போம்; எதற்கான அடி என்று தெரிந்துகொள்வோம்; "இது பேய்க்கு ஆகாது" என்று அவர் சொன்னால் விட்டுவிடுவோம்; தந்தால் அவர் பெயரைப் படத்தின் தொடக்கத்திலேயே போடுவோம், கடைசியில் எல்லோரும் எழுந்து போகும்போது அல்ல. அந்த முதலாண்டு மாணவியிடம் பேசிவிட்டேன். பெரியப்பாவைக் கேட்டுச் சொல்வதாக ஒப்பியிருக்கிறாள். ஒலிப்பதிவுக் கருவியை எங்கள் துறையிலிருந்து கையெழுத்திட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு. உதகைக்குப் பேருந்துக் கட்டணத்தை மன்றம் ஏற்குமா என்பதைச் செயலாளர்தாம் சொல்ல வேண்டும்.