வலசை வாத்துகள் மேல் ஒரு வீண்பழி

பறவைக் காய்ச்சலைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து நம் நீர்நிலைகளில் இறங்கும் காட்டு வாத்துகளே அவ்வியாதியைச் சுமந்து வருகின்றன என்றும், ஆதலால் அவற்றைச் சுட்டோ, விரட்டியோ, அவை தங்கும் ஏரிகளை வற்றவைத்தோ அபாயத்தைத் தடுக்கவேண்டும் என்றும் ஓர் அபிப்பிராயம், படித்தவர்களிடையேகூடச் சர்வசாதாரணமாக உலவிவருகிறது. இதை நான் முழுமனத்துடன் மறுக்கிறேன். மங்கோலியாவிலும் திபெத்திலும் லடாக்கிலும் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து, திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரையில் வருகிற வரித்தலை வாத்தின்மேல்தான் இப்பழி அதிகமாகச் சுமத்தப்படுகிறது என்பதால், அதன் பொருட்டேனும் இவ்வாதத்தின் கூறுகளைத் தனித்தனியே பரிசீலிப்பது நியாயமாகும்.

இக்கொடிய கிருமி காட்டுப் பறவையிடம் பிறந்தது என்பது முதற் கூற்று. காட்டு வாத்தினங்களின் குடலில் இன்ஃப்ளூயன்சா வைரஸ்கள் தொன்றுதொட்டு இருந்துவருவது மெய்யே. ஆனால் அவை பெரும்பாலும் தம்மைத் தாங்கும் பறவைக்குத் தீங்கிழைக்காத சாதுவான வகையினவாம். அவ்வகைக் கிருமி, ஆயிரக்கணக்கான கோழிகளை நெருக்கி அடைத்திருக்கும் கொட்டகைக்குள் புகுந்து, ஒரு பறவையிலிருந்து மறு பறவைக்குத் தடையின்றித் தாவுகிறபோதுதான், அதன் மேற்புறப் புரதத்தில் ஒரு சிறு மாறுதல் நேர்ந்து, குடலிலும் மூச்சுக்குழலிலும் மட்டுமே பெருகிவந்தது, தேகத்தின் சகல உறுப்புகளிலும் பெருகிக் கொல்லும் ஆற்றலைப் பெறுகிறது. இன்று உலகைச் சுற்றிவரும் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் கிருமி வம்சத்தின் மூதாதை, 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், வளர்ப்பு வாத்துகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டதாகும். மறு ஆண்டு ஹாங்காங்கில் அது 18 பேரைப் பற்றி, அவர்களுள் அறுவரைக் கொன்றபோது, அரசாங்கம் அழித்தது சந்தையிலும் பண்ணையிலும் இருந்த கோழிகளையே. மனிதரிடையே நோய் அப்போதைக்கு அத்துடன் ஓய்ந்தது.

வாத்துகள் வந்தன, நோயும் வந்தது, ஆகவே அவையே கொண்டுவந்தன என்பது அடுத்த வாதம். ஆனால் 2006 பிப்ரவரியில் இந்நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது மகாராஷ்டிரத்து நவாப்பூரின் கோழிப் பண்ணைகளில். 2004-இல் தாய்லாந்தில் அது பரவிய விதத்தை ஆராய்ந்தவர்கள், அறுவடையான வயல்களில் திரிந்து மேயும் வளர்ப்புத் தாராக்கள் மிகுந்திருந்த பிரதேசங்களோடு அது இணைந்திருந்ததைக் கண்டார்கள். இவ்விரண்டிலும் நோயின் தடம் காட்டுவது வளர்ப்புப் பறவைகளையே.

காட்டு வாத்தின் கதையோ வேறு. 2005 மே மாதத்தில் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டபோதும், 2020 டிசம்பர் இறுதியில் தொடங்கி ஹிமாசலப் பிரதேசத்துப் பாங் அணை நீர்த்தேக்கத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் பறவைகள் மடிந்தபோதும், பெருஞ்சேதத்துக்கு ஆளானது வரித்தலை வாத்தே. ஏழாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், மெல்லிய காற்றில் பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் விசேஷ இரத்தத்தைக் கொண்டு பறக்கவல்ல இப்பட்சி, இக்கிருமி முற்றினால் கழுத்துத் துவண்டு, நீரில் வட்டமிட்டுச் சில தினங்களில் சாகிறது. கரையில் கிடக்கும் பிணத்தைக் கண்டு, இதுவே கொலையாளி என்று கூறுவது என்ன நீதி?

ஆயினும், காட்டுப் பறவைகள் இக்கிருமியை எங்கும் எடுத்துச் செல்வதே இல்லை என்று வாதிப்பேனாகில் நான் உண்மைக்குத் துரோகம் செய்தவனாவேன். நோய்க்குறி தோன்றுமுன் பறவை பறக்கக்கூடும். 2014-க்குப் பின்னும், சிறப்பாக 2021-இலும், இவ்வம்சத்தின் புதுக் கிளைகள் காட்டுப் பறவைகளின் வாயிலாகக் கண்டம் விட்டுக் கண்டம் சென்றன என்பதை மறுக்க இடமில்லை. ஆனால் பண்ணையில் கொடுமை பெற்று, பண்ணையிலிருந்து காட்டுக்குத் தாவிய நஞ்சையே அவை சுமந்தன; அதற்கு அவை கொடுத்த விலையும் பெரிது. ஸ்வால்பார்ட் தீவுகளிலிருந்து பிரிட்டனின் சால்வே முகத்துவாரத்துக்கு வரும் பார்னக்கிள் வாத்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, 2021-22 குளிர்காலம் ஒன்றிலேயே அழிந்துபோயிற்று. ஆண்டுக்கு ஒரே ஈடாகச் சில முட்டைகளே இட்டு, இனப்பெருக்கப் பருவத்தை எய்தவே சில வருஷங்கள் எடுத்துக்கொள்ளும் இந்த ஜாதிகளில் அத்தகைய நஷ்டம் விரைவில் ஈடாவதில்லை.

கொன்றும் விரட்டியும் நோயை ஒழிக்கலாம் என்னும் பரிகாரமோ, எல்லாவற்றினும் அபாயகரமானது. துப்பாக்கி ஓசைக்கு அஞ்சிய கூட்டம் கலைந்து, நோயுற்றவற்றையும் உடன்கொண்டு, இதுவரை தீண்டப்படாத வேறு ஏரிகளில் இறங்கும். நீர்நிலையை வற்றவைத்தாலோ, எஞ்சிய சிறு குட்டைகளில் பறவைகள் நெருங்கி, ஒன்றன் எச்சத்தை மற்றொன்று பருகும் நிலை உண்டாகும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் இம்முறைகளைக் கூடாதென்றே கூறிவருகிறது.

செய்யவேண்டியவை வேறு. வலசைக் காலத்தில் வளர்ப்புத் தாராக்களைக் காட்டு வாத்துகள் தங்கும் ஏரிகளில் இறக்காதிருக்கவேண்டும். வாத்து மேய்த்துப் பிழைக்கும் எளிய குடும்பங்களுக்கு அம்மாதங்களில் வேறு நீரும் தீவனமும், மந்தை அழிக்கப்பட்டால் தாமதமின்றி நஷ்டஈடும் அரசாங்கம் தரவேண்டும். இல்லையேல் அவர்கள் நோயை மறைப்பார்கள், அதற்கு அவர்களைக் குறைகூற முடியாது. பண்ணைக் கழிவை நீர்நிலையில் கொட்டுவதைத் தண்டிக்கவேண்டும். பறவை செத்துக் கிடந்தால் யாரும் வெறுங்கையால் தொடலாகாது. 2006-இல் அஜர்பைஜானில் சிலருக்கு நோய் கண்டது, செத்த காட்டு அன்னங்களின் இறகைப் பிடுங்கியதனாலேயே என்று விசாரித்தவர்கள் கருதினார்கள். வனத்துறையினர் கையுறையும் முகமூடியும் அணிந்து, மாதிரியைப் போபாலிலுள்ள விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பி, பிணங்களை அன்றைக்கே சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்து, உயிரோடிருக்கும் கூட்டத்தைக் கலைக்காமல் அதன் இடத்திலேயே விட்டுவைக்கவேண்டும்.