பூச்சட்டிக்குள் அடைத்த வசந்தம்

ஒவ்வொரு ஏப்ரலிலும் சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் செய்வார். நலம் விசாரிப்பு பத்து விநாடியில் முடிந்துவிடும். அப்புறம்தான் அசல் கேள்வி.

"என்னப்பா, ஊட்டியில பூ வந்தாச்சா? ஃப்ளவர் ஷோ என்னிக்கு?"

"பூ பிப்ரவரியிலேயே வந்துடுச்சு. பாதி கொட்டியும் போச்சு" என்றேன் போன தடவை.

"விளையாடாதே. பேப்பர்ல ஒண்ணும் போடலையே!"

அவர் சொன்னது நியாயம்தான். பேப்பரில் போடவில்லை. போட வேண்டிய ஜாதியைச் சேர்ந்தவன்தான் நானும். பல வருஷம் மே மாதத்தில் மலையேறி, எத்தனை ஆயிரம் பூக்களை வைத்து இந்த முறை என்ன உருவம் செய்திருக்கிறார்கள், எந்த அமைச்சர் ரிப்பன் வெட்டினார் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பூக்கள் சட்டியில் வளர்ந்தவை, நர்சரியில் நாள் கணக்குப் பார்த்து மலர வைக்கப்பட்டவை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் 'மலைகளின் அரசிக்கு வசந்தம் வந்தது' என்றுதான் தலைப்புக் கொடுத்தேன். என் பேரில் நானே போட்டுக்கொள்ளும் முதல் குற்றப்பத்திரிகை இது.

நாலு வருஷமாகக் கோத்தகிரி பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். அப்போதுதான் தெரிந்தது... நான் எழுதியது வசந்தத்தைப் பற்றியே இல்லை.

சமவெளிக்காரர்களுக்கு இளவேனில் என்றால் பஞ்சாங்கத்தில் இருக்கிற ஒரு வார்த்தை. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு, வெளியே வந்தால் அக்னி நட்சத்திரம் மண்டையைப் பிளக்கும். வசந்தம் நிஜமாகவே நடக்கிற ஒரு சில இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு என்றால், அவை இந்த மலைகள்தான். அது டிக்கெட் கவுன்ட்டர் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை.

ஜனவரியின் உறைபனி விலகியதும் முதலில் சிவப்பது காட்டுப்பூவரசு. ஆங்கிலத்தில் ரோடோடென்ட்ரான். தொட்டபெட்டா பக்கமும் அவலாஞ்சி பக்கமும் சோலைக்காட்டின் ஓரத்தில், முறுக்கிக்கொண்டு நிற்கிற கிழட்டு மரம். திடீரென்று ஒருநாள் கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பில் பூத்து நிற்கும். இதனுடைய நெருங்கிய சொந்தக்காரர்கள் எல்லாம் இமயமலையில் இருக்கிறார்கள். நேபாளத்தின் தேசிய மலர் இதே குடும்பத்து உடன்பிறப்பு. நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஆளே இல்லை. இமயத்தை விட்டால் இங்கே தெற்கத்தி மலைகளில்தான். இதைப் பார்க்க எத்தனை பேர் வண்டி கட்டி வருகிறார்கள்? தோட்டபெட்டாவில் செல்ஃபி எடுப்பவர்களின் முதுகுக்குப் பின்னால்தான் அது பூத்து நிற்கிறது.

மார்ச் பிறந்தால் சோலைக்காடு நிறம் மாறும். தளிர் என்றால் பச்சை என்று நினைக்கிறோம். இங்கே செம்பு நிறத்தில், இளஞ்சிவப்பில் விடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் காடே பூத்த மாதிரி இருக்கும். விடிகாலை ஐந்தே முக்காலுக்கு, ஓடைப்பக்கம் யாரோ பள்ளிக்கூடப் பையன் பாட்டு மறந்துபோய் விசிலடித்துக்கொண்டே போகிற மாதிரி ஒரு சத்தம். சீகாரப் பூங்குருவி. அது ஓய்ந்தால் புதருக்குள்ளிருந்து கெக்கெக்கே என்று ஒரு கூட்டச் சிரிப்பு. நீலகிரிச் சிரிப்பான். நீலகிரியையும் ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. லண்டனில் இல்லை, நியூயார்க்கில் இல்லை. என் வீட்டுக் குப்பைக்குழி ஓரத்தில் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடுகள் கன்றோடு மேயும். காட்டெருமை என்று நாம் எழுதுகிறோம். அது எருமையே இல்லை, மாட்டு இனம். ஆயிரம் கிலோ எடை வரை வளர்கிற ஒரு பிராணி ரோட்டில் எதிரே நிற்கிறது. அதன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் 'ஊருக்குள் புகுந்து அட்டகாசம்' என்று செய்தி போடுகிறோம். யார் இடத்துக்குள் யார் புகுந்தது சார்?

*

தாவரவியல் பூங்காவின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. 1848-ல் உருவான தோட்டம். 2024-ல் நடந்தது 126-வது மலர்க் கண்காட்சி. அதற்காக மாதக்கணக்கில் குனிந்து நிமிரும் தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பு சாதாரணமானது அல்ல. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், சந்தோஷம். என் சண்டை வேறு. சட்டியில் இருப்பதுதான் வசந்தம் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். அதனால் சட்டிக்கு வெளியே இருப்பது செத்தாலும் நமக்கு உறைப்பதில்லை.

நான் பி.காம். படித்தவன். செடி கொடி எனக்குப் பாடமாக இருந்ததில்லை. ஆனால் முதல் எது, வட்டி எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மலையில் பூவும் பறவையும் ஓடையும் வட்டி. முதல் எது தெரியுமா? புல்.

ஆமாம், வெறும் புல். உச்சிமலையில் மடிப்புகளுக்குள் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. இதுதான் இந்த மலையின் அசல் அமைப்பு. வெள்ளைக்காரன் அதைப் பார்த்துவிட்டுத் 'தரிசு' என்று கணக்கெழுதினான். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும், இங்கே கற்பூர மரம் என்று சொல்லப்படும் யூகலிப்டஸையும் கொண்டு வந்து நட்டான். அவன் போன பிறகு நாமாவது கணக்கைத் திருத்தினோமா? விறகுக்கு, தோல் பதனிட, ஆலைக் கூழுக்கு என்று இன்னும் அதிகமாக நட்டோம். மரம் நடுவது புண்ணியம் இல்லையா! புல்லின் மேல் மரம் நட்டால் அது பாவம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

விளைவு? கொடைக்கானல் இருக்கிற பழனி மலையில் நாற்பது வருஷத்தில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதாக 2018-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஊட்டி அருகே கிளன்மார்கனில் மத்திய அரசின் மண், நீர் ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் அளந்து பார்த்து, புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டால் ஓடையில் வரும் தண்ணீர் குறைகிறது என்று காட்டினார்கள். பைக்காராவும் மாயாறும் பவானியும் இந்த மலைத்தொடரின் பிள்ளைகள். பவானிசாகரில் தண்ணீர் இல்லை என்று ஈரோட்டு விவசாயி வானத்தைப் பார்க்கிறாரே, அவர் கொஞ்சம் மலையையும் பார்க்க வேண்டும். புல் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடையில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தருகிறது. பிக்சட் டெபாசிட் மாதிரி. நாம் டெபாசிட்டை உடைத்து பட்டாசு வாங்கிவிட்டு, வட்டி வரவில்லையே என்று வங்கியோடு சண்டை போடுகிறோம்.

இந்தப் புல்வெளியை நம்பித்தான் வரையாடு இருக்கிறது. நம் மாநில விலங்கு. 2024-ல் எண்ணிப் பார்த்தபோது தமிழ்நாடு முழுக்க 1,031. நம்மூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரு முகூர்த்தத்துக்கு வருகிற கூட்டம்!

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்கா. வரையாடு குட்டி போடுகிற காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பார்வையாளர்களுக்குப் பூட்டி விடுகிறார்கள். வருமானம் போகிறதே என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. பிரசவ வார்டுக்குள் கூட்டம் போடக் கூடாது என்கிற சாதாரண இங்கிதம்தான்.

நம்மிடம் அந்த இங்கிதம் எந்த லட்சணத்தில் இருக்கிறது? சீசனில் நாள் ஒன்றுக்கு சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் வருவதாக 2024-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதன் பிறகு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றமே கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் விருந்துக்குப் போகலாம் என்பதை நீதிபதி சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

*

'வந்து போகிறவனைத் திட்டுகிறாய், அங்கேயே உட்கார்ந்திருக்கிற நீ யோக்கியமா?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

நான் குடிவந்த முதல் மார்ச். ஜன்னலுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு வேலிச்செடி. அது மலையை மறைக்கிறது என்று எனக்கு வருத்தம். இவ்வளவு வாடகை கொடுத்துவிட்டு 'வ்யூ' இல்லாமலா? வெட்ட ஆள் கூப்பிட்டேன். வந்த பெரியவர் பாதி வெட்டிவிட்டு அரிவாளைக் கீழே வைத்தார்.

"சார், இதுல கூடு இருக்குது. குஞ்சு இருக்குது சார்."

"என்ன பறவை?"

"கொண்டைக்குருவிங்க. பத்துப் பதினஞ்சு நாள் போச்சுன்னா பறந்துரும். அப்புறமா வந்து வெட்டித் தர்றேன்."

எனக்கு அந்த வாரக் கடைசியில் சென்னையிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். "கூட்டை அப்படியே எடுத்து அந்த மரத்துல வெச்சிடுங்களேன்" என்றேன், ஏதோ ஃபைலை மேஜை மாற்றி வைக்கச் சொல்வது போல. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதில் சொல்லவில்லை. சொன்னபடி செய்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் இரண்டு குருவிகளும் வாயில் புழுவோடு வந்தன. கூடு இருந்த இடத்தில், இல்லாத கிளையில் உட்காரப் பார்த்து, சிறகடித்து, திரும்பிப் போய், மறுபடி வந்தன. மறுநாளும் வந்தன. பத்தடி தூரத்து மரத்தில் இருந்த கூட்டை அவை கண்டுபிடிக்கவே இல்லை. மூன்றாம் நாள் நான் எட்டிப் பார்த்தேன். பார்த்ததை எழுத வேண்டாம்.

விருந்தாளிகள் வந்தார்கள். ஜன்னலில் நின்று "ஆஹா, என்ன வ்யூ!" என்றார்கள்.

இந்த மலையில் புதிதாக எழும்புகிற ஒவ்வொரு வில்லாவும் ரிசார்ட்டும் செய்வது இதைத்தான், பெரிய அளவில். இயற்கையை ரசிக்க வேண்டும் என்பதற்காக, கண்ணை மறைக்கிற இயற்கையை வெட்டி எறிவது. ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட், நடு முற்றத்தில் கேம்ப் ஃபயர், மிச்சப் பிரியாணி பின்பக்கம். அதை மோப்பம் பிடித்துக் கரடி வந்தால் கூண்டு வைக்க மனு. பிரியாணி வைத்துக் கூப்பிட்டவன் பெயர் மனுவில் இருக்காது.

*

"அப்படின்னா யாரும் மலைக்கு வரக் கூடாதா? டாக்சிக்காரர், வறுக்கி விற்கிறவர், லாட்ஜில் பாத்திரம் கழுவுகிறவர் எல்லாம் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. பதில், வாருங்கள் என்பதுதான். எல்லாரும் மே மாதத்து இரண்டு வாரத்தில் வந்து முட்டிக்கொள்ளாதீர்கள். பிப்ரவரியில், மார்ச்சில் வாருங்கள். மூன்று நாள் தங்குங்கள். ஆறு இடம் பார்க்காமல் ஓர் இடத்தில் அரை மணி நேரம் வாயை மூடி உட்காருங்கள். பட்டியலில் இருக்கிற எட்டு பாயின்ட்டையும் ஒரே பகலில் முடிக்கிறவரைவிட, மூன்று நாள் தங்குகிறவரால்தான் உள்ளூர்க்காரருக்கு வரும்படி அதிகம். இதற்கு பி.காம்.கூடத் தேவையில்லை.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் கொள்கை அறிவித்தீர்கள். நல்லது. சீகையை வெட்டினால் மட்டும் போதாது. மண்ணில் கிடக்கிற விதை மறுபடி மறுபடி முளைக்கும். வருஷக்கணக்கில் பிடுங்க வேண்டும், புல்லைத் திரும்ப நட வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். மலர்க் கண்காட்சி டிக்கெட்டில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்குங்கள். சட்டிப் பூ, மலைப் புல்லுக்குச் சோறு போடட்டும். பிப்ரவரி முதல் மே வரை வேலியும் புதரும் வெட்டக் கூடாது என்று மலை மாவட்டங்களுக்கு ஓர் உத்தரவு போடுங்கள். ஒரு காசு செலவில்லாத உத்தரவு.

பத்திரிகைக்காரர்களே, நமக்கும் ஒன்று. மே மாதத் தலைப்பைப் பிப்ரவரியில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். காட்டுப்பூவரசு படத்தோடு.

சென்னை நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். கடைசியில் கேட்டார்: "சரி, உங்க வீட்டுக்கு வந்தா வ்யூ எப்படி?"

வேலியை நான் மார்ச்சில் வெட்டுவதில்லை. அது பழையபடி ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. ஜன்னலில் மலை பாதிதான் தெரிகிறது. எனக்கு அது போதும்.