எண்ணைப் பார்த்துக் கைப்பேசி வாங்கலாமா?

கைப்பேசி விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். 50 மெகாபிக்சல், 5000 மில்லி ஆம்பியர்-மணி, 6.7 அங்குலம் என்று எண்களே முன்னால் நிற்கும். வீட்டில் புதிதாக ஒன்று வாங்கும் பேச்சு எழுந்தால், “நீதான் படிக்கிற பிள்ளை, எது நல்லதென்று சொல்” எனப் பெரியவர்கள் உங்களிடந்தான் கேட்பார்கள். பல மாதச் சேமிப்பு உங்கள் சொல்லை நம்பிச் செலவாகும். கடந்த ஓராண்டில் இரண்டு ஆண்ட்ராய்டு கைப்பேசிகளையும் ஓர் ஐபோனையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் நாம் கேட்கும் கேள்விக்கு அவை விடையும் அல்ல என்பதே என் கருத்து.

மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். மில்லி ஆம்பியர்-மணி என்பது மின்னூட்டத்தின் அளவு, ஆற்றலின் அளவன்று. ஆற்றலை அறிய மின்னழுத்தத்தால் பெருக்க வேண்டும். 5 ஆம்பியர்-மணியை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட்-மணி. நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு மணி நேரம் எரியப் போதுமான ஆற்றல், அவ்வளவே! இது எத்தனை மணி நேரம் வரும் என்பது செலவைப் பொறுத்தது. வெயிலில் திரையின் ஒளியைக் கூட்டினால் செலவு கூடும். கோபுரம் தொலைவில் இருந்தால், கைப்பேசி தன் அலைபரப்பியின் திறனை உயர்த்திக்கொள்ளும். நகரத்தில் மாலைவரை தாங்கும் அதே கருவி, சைகை குறைந்த சிற்றூரில் பிற்பகலிலேயே அணைந்துவிடலாம். தொட்டியின் கொள்ளளவைச் சொன்ன விளம்பரம், குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லவில்லை, பார்த்தீர்களா?

மெகாபிக்சல் கதையும் அப்படித்தான். 50 மெகாபிக்சல் என்று விற்கப்படும் பல கைப்பேசிகள், ஒளி போதாமையை ஈடுசெய்ய நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, வழக்கமாக 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன.

திரையின் அளவு 6.1 அங்குலமா, 6.7 அங்குலமா? வேறுபாடு சிறிதுதானே என்று எண்ண வேண்டாம். அது மூலைவிட்டத்தின் நீளம். பரப்பு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். வடிவ விகிதம் ஒன்றேயானால் பரப்பு சுமார் 1.2 மடங்கு. படம் பார்க்க நன்று. ஆனால் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இயக்கும்போது, கட்டைவிரல் மேல் மூலையை எட்டாது. தொடுதிரையோ விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. மின்தேக்குத்திறனில் விரல் ஏற்படுத்தும் மாற்றத்தையே உணர்கிறது. மழைத்துளியும் வியர்வையும் அதே மாற்றத்தை உண்டாக்கும். ஈரக் கையோடு அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு மற்ற எண்களைவிட இது முக்கியம்.

இன்னொன்று, பழக்கம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், திரையின் இடது, வலது என எந்தப் பக்க ஓரத்திலிருந்து விரலை இழுத்தாலும் முந்தைய பக்கத்துக்குத் திரும்பலாம். நான் பயன்படுத்திய ஐபோனில் பெரும்பாலும் இடது ஓரம் மட்டுமே. மாற்றிய முதல் வாரம் என் விரல் வலது ஓரத்தையே தேடியது. அந்த வாரத்தில் தீர்ப்புச் சொன்னால், அது கருவியைப் பற்றிய தீர்ப்பன்று, விரலைப் பற்றியது. இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும்.

எல்லா மாற்றமும் விரலைத் தொல்லைப்படுத்துவதில்லை. 2023இல் ஐபோன் 15 யூ.எஸ்.பி.-சி துளையோடு வந்தது; 2024 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கைப்பேசிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே மின்னேற்றிக் கம்பி! அன்றாட வசதியில் எந்தப் புதிய கேமராவைவிடவும் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆகவே பாட்டிக்கு வாங்குவதானால் பாட்டியையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, அவர் கையில் கொடுங்கள். தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து, உச்சி வெயிலில் அந்த வரியை அவரால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.