இசை கேட்கும் வீட்டில் எரியும் விளக்கு

இசை செவிக்குரிய கலை என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் இசையைக் கேட்பவன் செவியோடு கண்ணும் மனமும் உடையவன். அவன் எந்த அறையில் அமர்ந்திருக்கிறான், அவ்வறையில் எத்தகைய விளக்கு எரிகிறது, அவ்வொளி எங்கிருந்து வந்து எதன்மேல் விழுகிறது என்பனவெல்லாம் அவன் கேட்கும் இசையோடு கலந்தே அவன் உள்ளத்தைச் சென்று சேர்கின்றன. நல்ல வானொலிப் பெட்டியும் நல்ல ஒலிபெருக்கியும் வாங்கப் பல ஆயிரம் செலவிடும் நாம், கேட்கும் அறையின் விளக்கைப் பற்றி ஒரு கணமும் எண்ணுவதில்லை. இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளில் வாழும் நமக்கு இது இசைச்சுவையோடு நின்றுவிடுவதில்லை. உடல் நலத்தையும் குடும்ப வாழ்வையும் தொடுகின்ற செய்தியாகவும் இருக்கிறது என்பதே என் கருத்து.

முன்னோர் கண்ட நெறி

ஒளிக்கும் இசைக்கும் உள்ள உறவு தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் கூறுவதோடு அமையவில்லை. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு அமைக்கப்பட்டமையையும் கூறுகிறது. விளக்கு ஏற்றினால் போதும் என்று இளங்கோவடிகள் எண்ணவில்லை. அதை எங்கே வைப்பது என்பதும் கலையின் ஒரு பகுதி என்று அவர் கருதினார். இக்காலத்து மேடை ஒளியமைப்பாளர் தம் தொழிலின் முதற்பாடமாகக் கொள்ளும் செய்தி இதுவே.

பண்களுக்கும் பொழுதுகளுக்கும் தொடர்பு கண்டதும் நம் மரபேயாகும். மருதப்பண் காலைக்குரியது என்றும், செவ்வழிப்பண் மாலைக்குரியது என்றும் பழந்தமிழர் கொண்டனர். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என வகுத்தனர். பூபாளம் விடியலுக்கு என்றும், நீலாம்பரி தாலாட்டுக்கு என்றும் இன்றும் கூறுகிறோம். வடநாட்டு இசை மரபிலும் ஒவ்வோர் இராகத்திற்கும் ஒரு பொழுது உண்டு. மின்விளக்கு இல்லாத காலத்தில் பொழுது என்பது ஒளியின் அளவும் நிறமுமேயாகும். ஆகவே, இந்தப் பண்ணை இந்தப் பொழுதில் கேள் என்று சொன்ன முன்னோர், இந்த ஒளியில் கேள் என்றும் உடன் சொன்னவராகின்றனர்.

1111ஆம் ஆண்டில் மறைந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி, தம் இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலில் இசை கேட்டலின் ஒழுங்குகளைப் பேசுமிடத்து, காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் ஏற்றவையாக அமைய வேண்டும் என்னும் ஜுனைதுல் பக்தாதி அவர்களின் கருத்தை எடுத்துக்காட்டுகிறார். மனத்தை வேறுபக்கம் இழுக்கும் இடம் கேட்டலுக்கு உதவாது என்பது அதன் சாரம். அறையின் விளக்கைப் பற்றிய நம் கேள்வி இம்மூன்றனுள் இடம் என்பதன்பால் அடங்குவதாகும். நோன்புக் காலத்தில் சஹர் வேளைக்குச் சற்று முன், விடியாத இருளில் தப்ஸ் அடித்துப் பாடிக்கொண்டு தெருவில் வரும் பக்கீர்களின் குரலைப் படுக்கையில் இருந்தபடியே கேட்டவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அதே பாட்டை நண்பகல் வெயிலில் கேட்டால் அதே உணர்வு எழுமா என்பதை அவர்களே சொல்லட்டும்.

அறிவியல் கூறுவது யாது?

விளக்கின் ஒளி காற்றில் பரவும் ஒலியலையை மாற்றுவதில்லை. இருட்டில் செவியின் கூர்மை பெருகிவிடும் என்று சொல்வதும் மிகையே. மாறுவது கேட்பவனின் கவனம். கண் காண்பதை மூளை செவி கேட்பதோடு ஓயாமல் இணைத்துக்கொண்டே இருக்கிறது. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்னும் இரு ஆய்வாளர்கள், ஒருவர் உதட்டசைவில் ஓர் ஒலியும் ஒலிப்பதிவில் வேறோர் ஒலியுமாகக் காட்டியபோது, கேட்டவர்கள் இரண்டுமல்லாத மூன்றாவது ஒலியைக் கேட்டதாகக் கூறினர் என்று கண்டனர். 2013இல் சியா-ஜுங் சே என்னும் ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. இசைப் போட்டிகளில் வென்றவர் யார் என்பதை, ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியற்ற காட்சியை மட்டும் கண்டவர்களே மிகுதியாகச் சரியாகச் சொன்னார்கள். பயிற்சி பெற்ற இசைவாணர்களும் இதற்கு விலக்காகவில்லை. கண்ணின் ஆட்சி அத்துணை வலிது. 2009இல் இசுரேலிய ஆய்வாளர் குழு ஒன்று, அச்சமூட்டும் இசையைக் கண்ணை மூடிக் கேட்டோர், கண் திறந்து கேட்டோரைவிட மிகுந்த உணர்ச்சியை அடைந்தனர் என்று கண்டது.

இனி ஒளியின் அளவைக் காண்போம். ஒரு மெழுகுவத்தியின் ஒளி ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1 லக்ஸ். முழுநிலவின் ஒளி அரை லக்சுக்கும் குறைவு. பத்தடிக்குப் பத்தடி அறையில் எரியும் ஒரு குழல் விளக்கோ நூறு லக்சை எளிதில் எட்டிவிடும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அளவால் குறிப்பர். பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி 2700 கெல்வின் அளவினது. நம் வீடுகளில் பெரும்பாலும் எரியும் வெண்ணிற விளக்கு 6500 கெல்வின், அதாவது பகலொளிக்கு இணையானது. நம் கண்ணின் விழித்திரையில் உருவங்களைக் காண்பதற்கன்றி, பகலா இரவா என்று உடலுக்கு அறிவிப்பதற்கென்றே சில நரம்பணுக்கள் உள்ளன என்பதை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவியலார் உறுதிசெய்தனர். அவை நீலம் கலந்த ஒளிக்கு மிகுதியாக விழித்துக்கொள்பவை. அவை விழித்தால் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு குறைகிறது. ஆகவே இரவு பத்து மணிக்கு வெண்விளக்கின் கீழ் அமர்ந்து நீலாம்பரி கேட்பவனுக்குச் செவி உறங்கு என்கிறது. கண்ணோ விழித்திரு என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்ட மனம் எங்ஙனம் அமைதியுறும்?

விளக்குக்கும் ஓர் ஓசை உண்டு

விளக்கு நேராகவே இசையைக் கெடுக்கும் வழிகளும் உண்டு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் உடையது. பழைய குழல் விளக்கின் சோக் அதனால் நொடிக்கு 100 முறை அதிர்ந்து ஒருவகை ரீங்காரத்தை எழுப்பும். ஆடவர் பேசும் குரலின் அடிநிலை அதிர்வும் ஏறத்தாழ இந்த எல்லையில்தான் உள்ளது. பாட்டின் இடையே தம்புரா மட்டும் ஒலிக்கும் மௌனத்தில், அந்தச் சோக்கின் இரைச்சல் அழையாத பக்கவாத்தியம்போல் வந்து நுழையும். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் அந்த ரீங்காரத்தை ஒழித்துவிட்டன என்பது உண்மை. ஆனால் மலிவான எல்.இ.டி. விளக்குகளின் உள்ளிருக்கும் மின்சுற்று, மத்திய அலை வானொலியில் கரகரப்பை உண்டாக்குகிறது. வானொலி தெளிவாக இல்லையே என்று பெட்டியைத் தட்டுவோர், ஒருமுறை தலைக்குமேல் எரியும் விளக்கை அணைத்துப் பார்ப்பது நன்று.

ஓசூரின் தனிநிலை

இச்செய்தி நம் மாவட்டத்திற்கு ஏன் இன்றியமையாதது? ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பெரிய ஆலைகளும் அவற்றைச் சார்ந்த சிற்றாலைகளும் வளர்ந்தன. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிப் பாடல்களும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் நம் ஓசூர். ஒரு வீட்டில் நாகூர் ஹனிபா, அடுத்த வீட்டில் கன்னடத் திரைப்பாடல், எதிர்வீட்டில் ஷேக் சின்ன மௌலானாவின் நாகசுரம் என இசைக்கு இங்கே பஞ்சமில்லை.

ஆனால் ஆலைத் தொழிலாளிக்குப் பொழுது என்பது கதிரவனால் அமைவதில்லை, ஷிப்டால் அமைகிறது. இரவு முழுவதும் பகல்போன்ற ஒளியில் நின்று உழைத்தவர், விடிந்தபின் ஒற்றை அறை கொண்ட வரிசை வீட்டுக்குத் திரும்புகிறார். அவருக்கு மாலை என்பது காலை எட்டு மணி. உடலும் மனமும் இளைப்பாறச் சிறிது பாட்டுக் கேட்க விழைகிறார். சன்னலில் வெயில், கையில் ஒளிரும் கைபேசித்திரை, அறையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்காக எரியும் வெண்விளக்கு. இந்நிலையில் அவர் கேட்கும் பாட்டு இளைப்பாறுதலைத் தருவதற்கு மாறாக, விழிப்பை நீட்டிக்கவே துணைசெய்கிறது. மாலையிலோ நிலை தலைகீழாகிறது. வீட்டார் கூடி இசை கேட்க விரும்பும் நேரத்தில் அவர் வேலைக்குப் புறப்படுவதற்காக விழித்திருந்தாக வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருவேறு பொழுதுகள் நடக்கின்றன. விளக்கைப் பற்றிய அறிவு இருந்தால் இவ்விரண்டையும் ஓரளவேனும் இணக்கமுறச் செய்யலாம். இல்லையேல் இசை வீட்டாரை ஒன்றுசேர்ப்பதை விடுத்து, ஒருவர் உறக்கத்தை ஒருவர் கெடுக்கும் பகையாகிவிடும்.

2012ஆம் ஆண்டையொட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது யாவரையும் வருத்திய காலம், மீண்டும் வரவேண்டா. ஆயினும் மெழுகுவத்தி ஒளியில் திண்ணையில் அமர்ந்து, மின்கலத்தால் இயங்கிய வானொலியிலோ கைபேசியிலோ ஒரு பாட்டை முதலிலிருந்து முடிவுவரை முழுமையாகக் கேட்ட வீடுகள் அப்போது பல. மின்சாரம் வந்ததும் தொலைக்காட்சி வந்தது, வெண்விளக்கு வந்தது, பாட்டு மீண்டும் பின்னணி இரைச்சலாயிற்று. குறையில் கிடைத்த அந்நன்மையை நிறைவிலும் நாம் தேடிக்கொள்ளலாகாதா?

மறுப்பும் விடையும்

பெரும்பாலான இசைச் சபாக்களில் கச்சேரியின்போது அவையில் விளக்கு எரிகிறதே, அங்கே இசை சுவைக்கவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். தக்க வினாவே. அங்கே பாடுவோர் கண்முன் இருக்கிறார். அவர் முகமும் கையசைவும், தாளம் போடும் அவையோரின் கைகளும் காணத்தக்கவை. கண்ணுக்கு அங்கே இசையோடு இசைந்த பணி உண்டு. ஜெர்மனியின் பைராய்ட் நகரில் 1876இல் ரிச்சர்டு வாக்னர் திறந்த அரங்கில் அவையை இருளாக்கியது, காண்போர் ஒருவரையொருவர் பாராமல் மேடையையே நோக்க வேண்டும் என்பதற்காகத்தான். வீட்டிலோ பாடுவோர் இல்லை. கண்ணுக்குத் தெரிவன துவைக்காத துணியும், கட்டாத மின்கட்டணச் சீட்டும், சுவரின் வெடிப்புமே. வெண்விளக்கு இவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துக்காட்டி, மனத்தைக் கவலைகளின்பால் ஈர்த்துவிடுகிறது.

கண்ணை மூடிக்கொண்டால் போதாதா எனின், ஒருவர் தனித்துக் கேட்கையில் அது போதும். வீட்டார் கூடிக் கேட்கையில் கண்ணை மூடி ஒரு மணி நேரம் அமர்வது இயல்பன்று. தலைக்குமேல் எரியும் கடும் ஒளி இமைகளையும் ஊடுருவும். மேலும் முற்றிருளும் ஏற்றதன்று. பார்வை குறைந்த முதியோர்க்கு அது இடறலாகும். படிக்கும் மாணவர்க்குத் தக்க வெளிச்சம் வேண்டும். அவர்தம் மேசைக்கு மட்டும் ஒளிதரும் தனி விளக்கு அதற்குப் போதும்.

செய்யத்தக்கவை

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பாட்டின் தாளத்திற்கேற்ப நிறம் மாறி மினுக்கும் விளக்குச்சரங்கள் இன்று கடைகளில் நிறைந்துள்ளன. அவை விழாவுக்கு அழகு, கேட்டலுக்கு இடையூறு. அவற்றை விடுத்து, 2700 கெல்வின் என்று உறையில் குறிக்கப்பட்ட சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்றை வாங்குக. அதனைத் தலைக்குமேல் மாட்டாது, அமர்பவரின் பின்புறமோ பக்கத்திலோ தாழ்வாக வைத்துச் சுவரில் ஒளி படுமாறு திருப்புக. தூண்நிழலை விலக்கிய சிலப்பதிகார அரங்கை நினைவிற் கொள்க. அதுவும் இயலாதெனின் எல்லா வீட்டிலும் உள்ள விடிவிளக்கே போதும். கைபேசியில் பாட்டைத் தொடங்கியதும் அதன் திரையைக் கவிழ்த்து வைக்க. இரவு ஷிப்ட் முடிந்து வருவோர்க்காகச் சன்னலுக்கு ஒரு கனத்த இருள்நிறத் துணியைத் திரையாக்குக. பாட்டின் ஒலியையும் குறைத்து வைக்க. காலையில் கேட்க வேண்டிய பாட்டுக்கோ சன்னலைத் திறந்து விடுக. ஓசூரின் இளவெயிலுக்கு இணையான விளக்கை எந்த ஆலையும் இன்னும் செய்யவில்லை.

மாணவச் செல்வங்களே! நல்லிசையைத் தேடித் தருவதற்கு இன்று ஆயிரம் கருவிகள் உள்ளன. அதைக் கேட்பதற்கு ஏற்ற அமைதியான ஓர் அறையை எந்தக் கருவியும் செய்து தராது. நாமே செய்துகொள்ள வேண்டும். பெரியோர்களே! இல்லத்தில் நாள்தோறும் அரை மணி நேரம் வெண்விளக்கை அணைத்து, சிறுவிளக்கை ஏற்றி, ஒரு பாட்டை அனைவரும் கூடிக் கேட்கும் வழக்கத்தை உண்டாக்குங்கள். ஆலையிலிருந்து திரும்பும் மகனுக்கு அதைவிடச் சிறந்த வரவேற்பு வேறில்லை.