கூப்பிட்டும் போகாத கோவலர்கள்!

கோவலன் செய்த குற்றம் என்ன? சிலம்பு விற்க மதுரைக்குப் போனான், அவ்வளவே! பொற்கொல்லன் சொன்னான், மன்னன் நம்பினான், காவலன் வெட்டினான். சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா? உடைத்துப் பார்த்தார்கள், தலை போன பிறகு! ஒருதலைத் தீர்ப்பு என்றால் என்னவென்று தமிழனுக்கு வேறு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கோவலனையாவது கூப்பிடவே இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் நம் தோழர்கள் சிலர் கூப்பிட்டும் போகாமல் தலையைக் கொடுக்கிறார்களே, இதை என்னென்பது! அமீனா தெருமுனையில் தெரிந்தால் இவர்கள் பின்வாசலில்! சம்மனை வாங்காவிட்டால் வழக்கே இல்லையாம்! வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம் என்கிறது 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம். கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், மெய்தான். போகாவிட்டால் குடியிருக்கும் வீடே போகுமே, தோழனே!

கமிஷனர் என்றதும் போலீசு என்று நடுங்குவோரும் உண்டு. அவர் கோர்ட்டு அனுப்பும் கண்; பெரும்பாலும் ஒரு வக்கீல். வேலி எங்கே, கிணறு எங்கே, கழிவுநீர் எப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்து எழுதுவார். இரு தரப்பாரையும் விசாரிப்பார், பத்திரம் கேட்பார். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கில்லை. ஆனால் அவர் அறிக்கை வழக்கில் சாட்சியம்! அவர் வரும் நாளில் நீ ஒளிந்தால், நீ இல்லாமலேயே எழுதி முடிப்பார். எதிராளி காட்டிய வரப்புதான் ஏட்டில் ஏறும். ஆகவே நில். தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். படிக்காமல் கையெழுத்துப் போடாதே. அறிக்கை தவறென்றால் ஆட்சேபணை கொடு. கோர்ட்டின் அனுமதி பெற்றுக் கமிஷனரையே கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். இந்த உரிமை நம்மவரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நேரில் பார்த்து எழுதிய காகிதத்துக்கு வலு உண்டா என்று ஐயுறுவோர் பாலாற்றைப் பார்க்கட்டும். ஆம்பூரை அடுத்த சோலூரில் நடந்த ஆய்வு, தோல் கழிவுநீரில் 176 வேதிப்பொருள்கள் இருப்பதாகக் கண்டது. கோர்ட்டு கமிஷனர்கள் அல்லர், சட்ட உதவி வாரியம் அனுப்பிய இரண்டு வக்கீல்கள். அவர்கள் எழுதிய அறிக்கை வழியாக அந்தக் கணக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வேலூர் வழக்கின் தீர்ப்பிலும் இடம் பெற்றது!

எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டதா? இடிந்து உட்காராதே. டிக்ரி ஆன நாளிலிருந்து 30 நாளுக்குள் ரத்து மனு போடலாம். சம்மன் முறைப்படி வரவில்லையெனில், டிக்ரி உனக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். வராததற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் எடுத்துப்போ. நாள் கடந்தால் தாமதத்துக்குத் தனி மனு, தனி விளக்கம், தனிச் செலவு.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு இலவச வக்கீல் உண்டு. உன் ஊர்க் கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேள். டிக்ரி நகலோடு நாளைக்கே போ.