மலையடியிலிருந்து கடலோரத்துக்கு

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த ஒரு சகோதரி, கணவருக்கு இராமேசுவரத்துக்கு மாற்றலாகிவிட்டதென்று எழுதியிருக்கிறார். "வாசலில் வந்து நின்றால் மலை இல்லை. குழந்தைகளோ கடலை விட்டு வர மாட்டேன் என்கிறார்கள். எனக்கு அடிவயிறு கலங்குகிறது" என்கிறார்.

சகோதரி, உங்கள் தீவைச் சுற்றியிருப்பது ஒரு கடல் அல்ல, இரண்டு! வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. சாதுவானதைப் பெண்கடல் என்றும், சீறுவதை ஆண்கடல் என்றும் அவ்வூரார் சொல்வார்கள். (பெயர் வைத்தவர் நம் வீடுகளை எட்டிப் பார்த்ததில்லை போலும்!) கோயிலுக்குக் கிழக்கேயுள்ள அக்னி தீர்த்தம் பெண்கடலைச் சேர்ந்தது. அக்னித் தலத்திலிருந்து வந்த உங்களுக்குப் பெயரே சொந்தமாக இல்லையா? விடியற்காலையில் குழந்தைகளை அங்கே அழைத்துப் போங்கள். கரையில் நின்று கத்திக்கொண்டிராமல் நீங்களும் முழங்கால் தண்ணீரில் இறங்குங்கள்.

தனுஷ்கோடியில் மட்டும் பார்ப்பதோடு சரி, இறங்க வேண்டாம். 1964 டிசம்பரில் புயல் ஒரே இரவில் அந்த ஊரை வாரிக்கொண்டு போயிற்று. ரயிலும் தப்பவில்லை. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அந்த மணலை விடவில்லை. அலைக்குச் சற்றுத் தள்ளி ஊற்றுத் தோண்டி, நல்ல தண்ணீர் இறைத்துக்கொள்கிறார்கள்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களை அவசியம் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி, பாறையில் படர்ந்த பாசியைப் பறித்து வருகிறார்கள். அதில் ஒன்றுக்கு மரிக்கொழுந்துப் பாசி என்று பெயர்! 'அகார் அகார்' செய்வது அதிலிருந்துதான். எந்த நாளில் கடலில் இறங்கலாம், எந்த நாளில் கூடாது என்று அவர்களைக் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

உப்புக் காற்றில் அரிவாள்மணை சீக்கிரம் துருப்பிடிக்கும். காய் நறுக்கியதும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். அப்பளம் டின்னுக்குள் இருக்கட்டும்.

மலை ஏக்கம் வந்தால் கந்தமாதன பர்வதம் இருக்கிறது. வெறும் மணல்மேடுதான், 2,668 அடி மலையடியில் பிறந்தவர் சிரிக்கக் கூடாது. தீவிலேயே உயரமான இடம் அதுதான். மேலே நின்றால் சுற்றிலும் கடல் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் பெண்கடலுக்கும் கோபம் வந்துவிடும். அப்போது குழந்தைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள். அண்ணாமலை தீபமும் கார்த்திகையில்தானே? நாலு நாள் லீவு போடச் சொல்லிப் பிறந்த வீட்டுக்குப் புறப்படுங்கள். அம்மாவுக்குக் கொஞ்சம் கருவாடோ, சைவமானால் ஒரு செம்பு தீர்த்தமோ எடுத்துக்கொண்டு!